அம்மம்மாவின் வீடு யாருக்கு?

திருகோணமலைக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிற வழியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி எடுப்பது, லமினேட் பண்ணுவது, அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது, இவைதான் வேலை. மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் வரும். வருகிறவர்களின் கையில் அநேகமாக ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கும். பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க, அடையாள அட்டை எடுக்க, பாஸ்போர்ட் எடுக்க, விவாகம் பதிய, வெளிநாடு போக, எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

பழைய பத்திரத்தை வைத்திருக்கிறவர்கள் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர், பால், பிறகு தகப்பனின் முழுப் பெயர், பிறந்த திகதி, இடம், இனம், தொழில். பிறகு தாயின் விபரம். அதற்குப் பிறகு பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கட்டம் வரும். அதோடு பாட்டனார் எங்கே பிறந்தார் என்ற கேள்வி. தகப்பன் இலங்கையில் பிறக்காதவர் என்றால் பூட்டனாரையும் கேட்கும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், விவாகத்துக்குள் பிறந்த ஒருவர் இந்நாட்டவரா என்பதைத் தகப்பன், தகப்பனின் தகப்பன், அவருடைய தகப்பன் என்ற ஆண்வழியில்தான் பார்த்தது. அந்தப் பார்வை இந்தத் தாளிலும் அப்படியே இருக்கிறது. விவாகத்துக்குள் பிறந்த பிள்ளைக்குத் தாயும் பிரசாவுரிமை கொடுக்கலாம் என்று 2003இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

தகப்பனின் கட்டங்கள் முழுவதும் பேனாவால் ஒரு கோடு இழுத்து, விவாகக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிய பத்திரங்களும் என் மெஷினுக்கு வரும். அவற்றைக் கொண்டு வருகிற தாய்மாரை எனக்கு இப்போது தூரத்திலேயே தெரியும். கடையில் வேறு ஆள் நின்றால் உள்ளே வராமல் வெளியே போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆள் போனதும் வந்து, நாலாக மடித்த தாளை விரிக்காமலே கையில் தருவார்கள். நானும் விரித்துக் கண்ணாடியில் கவிழ்த்துவிட்டு வேறு கதை கதைப்பேன். வளர்ந்த பிள்ளைகள் தாங்களே கொண்டு வந்தால் அதுவும் செய்ய மாட்டார்கள். தாளைத் தந்துவிட்டு வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளை அடையாள அட்டைக்கு வந்திருக்கும். விவாகம் செய்யாமல் விட்டது அந்தப் பிள்ளையா? ஆனால் அதற்கான பதிலை அந்தப் பிள்ளைதான் பாடசாலை அதிபரிடமும் கிராம சேவகரிடமும் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கோட்டை இழுத்தவர் பதிவாளர் என்று பலர் அவரைத் திட்டுவார்கள். அவருக்குச் சட்டம் வைத்திருக்கிற வழி அது. 1951ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, விவாகம் செய்யாத தாய் தனியாக வந்து "இவர்தான் தகப்பன்" என்று பெயர் சொன்னாலும் பதிய முடியாது. அந்த மனிதரும் வந்து ஒத்துக்கொண்டு தாயோடு சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். யாரும் யாருடைய பெயரையும் சும்மா எழுதிவிடக் கூடாது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் நடப்பது என்னவென்றால், அந்த மனிதர் வராமல் இருந்தாலே போதும், அவருடைய பெயர் எங்கேயும் பதியப்படாது. அவர் தன் அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அவற்றில் எந்தக் கட்டமும் வெறுமையாக இல்லை.

தாபரிப்பு, அதாவது பிள்ளையை வளர்க்கக் கொடுக்க வேண்டிய காசு, அந்த விஷயத்தில் மட்டும் நாடு கொஞ்சம் முன்னுக்கு வந்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1889ஆம் ஆண்டுச் சட்டத்தில், விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்பதென்றால் பிறந்து 12 மாதத்துக்குள் கேட்க வேண்டும். அந்த மனிதர் அந்த ஒரு வருடத்துக்குள் ஏதாவது காசு கொடுத்து வளர்த்தார் என்று காட்டினால் ஒழிய, பிறகு வழக்கே எடுக்க மாட்டார்கள். பச்சைப் பிள்ளையோடு, வீட்டார் முகம் கொடுத்துப் பேசாத நேரத்தில், எந்தத் தாய் நீதிமன்றம் போவாள்? தாய் சொல்வது மட்டும் போதாது, வேறு சான்றும் வேண்டும் என்று இருந்தது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அதை மாற்றியது. வழி இருக்கிற தகப்பன், விவாகத்துக்குள் பிறந்த பிள்ளையோ வெளியே பிறந்த பிள்ளையோ, பார்க்கத்தான் வேண்டும். தகப்பன் இவர்தான் என்று நீதவான் திருப்திப்படுகிற அளவுக்கு வலுவான சாட்சியம் வேண்டும், அவ்வளவுதான். 18 வயது தாண்டிய பிள்ளையும் 25 வயது வரை கேட்கலாம்.

சரி, அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. இந்தப் பதிவை எழுத வைத்த பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஊரும் சில அடையாளங்களும் மாற்றியிருக்கிறேன்.

நகரத்துக்கு வடக்கே கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. தாய் விவாகம் செய்யாமல் பெற்றவர். பிள்ளைக்கு நாலு வயதாக இருக்கும்போது 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல் தாயைக் கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அம்மம்மாதான் எல்லாம். அம்மம்மா இடியப்பம் அவித்து விற்று இவளைப் படிப்பித்தார். கடல் அடித்த வீட்டைத் திருத்தி, சுற்றி மதில் கட்டி, கிணற்றை இறைத்து, "இது உன்ர அம்மாவுக்குச் சீதனமாக் குடுக்க வச்ச வீடு, இனி உனக்குத்தான்" என்று வாறவர் போறவர் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குப் போவது வழக்கம். மாமன்மார் இரண்டு பேரும் அந்த வழக்கப்படி மனைவிமாரின் வீட்டில்தான் இருக்கிறார்கள். அம்மம்மாவின் வாய்ச்சொல்லில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவள் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுத வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

அம்மம்மா போன வருடம் தவறினார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து கொஞ்ச நாளில் பெரிய மாமா காணி விலை கதைக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பிள்ளை அம்மம்மா பெயரில் இருந்த காணி உறுதியையும், அம்மம்மாவின் இறப்புச் சான்றிதழையும், தாயின் இறப்புச் சான்றிதழையும், தன் பிறப்புப் பத்திரத்தையும் கொப்பி எடுக்கக் கொண்டு வந்தாள். சட்டத்தரணிக்குக் கொடுக்க. இரண்டு கிழமையால் திரும்பி வந்து, "அக்கா, எனக்கு ஒண்டும் வராதாம்" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் கதிரையில் இருந்துவிட்டேன். மூன்று பிள்ளைகள் பெற்ற தாயின் வீட்டில், செத்துப்போன மகளின் பங்கு பேத்திக்கு வருவதுதானே முறை? மூன்றில் ஒன்றாவது வர வேண்டாமா? நான் அவளோடேயே போய் அந்தச் சட்டத்தரணியிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், அலுக்காமல் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். யாழ்ப்பாணத் தேசவழமையோ கண்டியச் சட்டமோ முஸ்லிம் சட்டமோ பொருந்தாத எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் பொதுச் சட்டம். அதன் 33ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாயின் சொத்து வரும். தகப்பனின் சொத்து வராது. தாயின் உறவினருடைய சொத்தும் வராது.

தகப்பனின் சொத்து வராது என்பது எனக்கு முன்பே தெரியும், ஊரில் பலருக்கும் தெரியும். தாயின் உறவினருடைய சொத்தும் வராது என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். ஒல்லாந்தர் கொண்டு வந்த சட்டத்தில், தாய்க்குத் தன் பிள்ளை எப்போதும் முறையான பிள்ளைதான் என்று ஒரு கொள்கை இருந்ததாம். அதனால் தாயின் சொத்து மட்டும் தப்பியது. அந்தக் கொள்கை தாயோடு நின்றுவிட்டது, தாயைப் பெற்றவள்வரை போகவில்லை. தன்னை இடுப்பில் வைத்து வளர்த்த அம்மம்மா சட்டத்தின் கண்ணுக்கு இந்தப் பிள்ளைக்கு யாரோ.

தாய் உயிரோடு இருந்திருந்தால் அம்மம்மாவின் பங்கு தாய்க்கு வந்து, தாயிடமிருந்து இவளுக்கு வந்திருக்கும். தாய் முந்திப் போனதுதான் இவள் செய்த பிழை போலிருக்கிறது இந்தச் சட்டத்துக்கு. 2004இலும் போர்க்காலத்திலும் எங்கள் மாவட்டத்தில் தாயை இழந்து அம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேரின் பத்திரத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறதோ, அத்தனை பேரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து இரவிரவாக வாசித்தேன். பெல்ஜியத்தில் போலா மார்க்ஸ் என்று ஒரு பத்திரிகையாளர். விவாகம் செய்யாதவர், 1973இல் அலெக்சாண்ட்ரா என்று ஒரு மகளைப் பெற்றார். அந்த நாட்டுச் சட்டத்தில், பெற்ற தாயாக இருந்தாலும் விவாகம் செய்யாவிட்டால் அவர் தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று தனியாகச் சட்டப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டாலும் முழு உரிமை வராது. கடைசியில் அவர் தான் பெற்ற பிள்ளையையே தத்தெடுத்தார். அதன் பிறகும் அந்தப் பிள்ளைக்கும் அம்மம்மா பக்கத்துக்கும் சொத்துரிமையில் தொடர்பில்லை. அவர் விடவில்லை. 1979 ஜூனில் ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், விவாகத்துக்கு வெளியே பிறந்தது என்பதற்காக ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்தும் தாயின் குடும்பத்திடமிருந்தும் பிரித்து வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பெல்ஜியம் 1987இல் சட்டத்தை மாற்றியது. நான் அதை வாசித்தபோது, எங்கள் பிள்ளையின் வழக்கையே வேறு பாஷையில் யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. அதே அம்மம்மா, அதே பேத்தி.

நியூசிலாந்து அந்தத் தீர்ப்புக்கும் பத்து வருடம் முந்தி, 1969இலேயே, பெற்றோர் விவாகம் செய்தார்களா இல்லையா என்பதைப் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிலை என்று சட்டம் போட்டது. 1876இல் எங்களுக்கு இந்தக் கட்டளைச் சட்டத்தைப் போட்டது பிரித்தானிய ஆட்சி. அதே பிரித்தானியா 1987இல் தன் பிள்ளைகளுக்கு, பெற்றோரின் விவாகத்தைப் பார்க்காமல் சொத்துரிமை கொடுத்துவிட்டது. அவர்கள் அங்கே விட்டுவிட்டதை நாங்கள் இங்கே இன்னும் பொத்தி வைத்திருக்கிறோம். சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பிறப்பைக் காரணமாக வைத்து எந்தப் பிள்ளையையும் வேறுபடுத்தக் கூடாது என்று அதன் 2ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. எங்கள் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்று அடுக்கிச் சொல்கிறது. எந்த இடத்தில் பிறந்தோம் என்பதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. யாருக்கு, எந்த நிலையில் பிறந்தோம் என்பதற்கு அந்த வரிசையில் இடமில்லை.

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில், ஆயுத இயக்கத்துக்குப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போவதற்கு அஞ்சி, வயது வராத பெண்களுக்கு அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். சட்டப்படி விவாக வயது 18, அதனால் பதிய முடியாது. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்குச் சனம் இடம்பெயர்ந்து மட்டக்களப்புப் பக்கம் முகாம்களில் இருந்தபோதும் இப்படி நடந்தது. கோயிலில் தாலி கட்டியது ஊருக்குத் தெரியும். ஆனால் பிள்ளையைப் பதியப் போகும்போது கேட்பது விவாகப் பதிவுப் பத்திரத்தை. அதற்குள் தகப்பன் காணாமல் போயிருந்தால், வந்து கையெழுத்து வைக்க யார் இருக்கிறார்? வயது வந்தவர்கள் முறைப்படி செய்த விவாகம் பதியாவிட்டாலும் செல்லும் என்று நீதிமன்றத்தில் வாதாட இடமிருக்கிறது. ஆனால் கூலி வேலைக்குப் போகிற தாய் அதற்காக வழக்குப் பேசவா முடியும்? அந்தப் பிள்ளைகள் இப்போது பதினெட்டு, இருபது வயதில் என் கடைக்கு வருகிறார்கள்.

2021இல், புதிய டிஜிட்டல் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் விவாக விபரம் இருக்காது என்று பத்திரிகையில் செய்தி வந்தது. அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் அது வேண்டும் என்றுதான் சொல்வேன். ஒரு பிள்ளை பாடசாலையில் தாளைக் கொடுக்கும்போது தலை குனியாமல் கொடுக்கலாம், அது சின்ன விஷயமில்லை. ஆனால் கட்டத்தை எடுத்துவிட்டு 33ஆம் பிரிவை அப்படியே வைத்திருந்தால், பாடசாலையில் கேட்காத கேள்வியை அம்மம்மா செத்த பிறகு நீதிமன்றத்தில் கேட்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைக் கதைத்தால் எங்கள் ஆட்களில் சிலர், அதுவும் நான் மதிக்கிற பெரியவர்கள், குடும்பம் என்ற கட்டு குலைந்துவிடும் என்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது: இந்தச் சட்டம் இத்தனை வருடம் இருந்து எந்த ஆணைத் தடுத்தது? தடுத்திருந்தால் என் மெஷினுக்கு அந்தப் பத்திரங்கள் வந்திருக்காது. இன்னொரு கவலையும் இருக்கிறது, அது நியாயமான கவலை. தாலி கட்டிய மனைவியும் அவள் பிள்ளைகளும், கணவன் செத்த பிறகு முன்பின் தெரியாத ஒரு பிள்ளை பங்கு கேட்டு வந்தால் என்ன செய்வார்கள் என்பது. அந்தப் பெண்ணின் வேதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் உயிரோடு இருக்கிற துணைக்குச் சொத்தில் பாதி போகிறது. அதை யாரும் தொடச் சொல்லவில்லை. மிச்சப் பாதி அந்த மனிதருடைய பிள்ளைகளுக்கு. அவருக்கு எத்தனை பிள்ளைகளோ அத்தனை பேருக்கு. தாபரிப்பு வழக்கில் மரபணுப் பரிசோதனையை வைத்து "நீதான் தகப்பன், மாதாமாதம் கட்டு" என்று தீர்ப்பளிக்கிற அதே நாடு, அவர் செத்த அன்றைக்கு "இவர் உன் தகப்பன் இல்லை" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது எந்த விதத்தில் சரி?

அந்தப் பிள்ளையின் சின்ன மாமா தன் பாதியை அவள் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிட்டார். மாமியும் கூடவே வந்து, "அக்கா இருந்திருந்தா இது அவவுக்குத்தானே" என்று சொல்லிவிட்டுப் போனா. பெரிய மாமா பிரிவினை வழக்குக்குப் போகப் போகிறார். சின்ன மாமாவின் மனம் நல்லதாக இருந்ததால் இவளுக்குப் பாதி வீடாவது மிஞ்சியது. எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மாமா இருக்க மாட்டார்.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசிக்கிறவர்களில் அம்மம்மாமாரும் இருப்பீர்கள். வாய்ச்சொல்லை நம்பி இருக்காதீர்கள். நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சியோடு பேத்தி பெயருக்கு நன்கொடை உறுதி எழுதலாம். உங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டே எழுதலாம், உயிர் இருக்கும்வரை வீடு உங்கள் கையில்தான் இருக்கும். அது விருப்பமில்லையென்றால் மரண சாசனம் எழுதுங்கள். இலங்கையில் ஒருவர் தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம், 33ஆம் பிரிவு வருவது எழுதாமல் செத்தால்தான். தகப்பன் மனம் வைத்தால் அவரும் எழுதலாம். தகப்பன் ஒத்துக்கொள்கிறவராக இருந்தால் பிறப்பைப் பதியும்போதே கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குங்கள், பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். பெற்றோர் பிறகு விவாகம் செய்தால் பிள்ளையின் பதிவைத் திருத்திப் பதியலாம், அதையும் பலர் செய்யாமல் விடுகிறார்கள். தாபரிப்புக்கு வழக்கு வைக்கக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, திருகோணமலையிலும் அலுவலகம் உண்டு. போகும்போது பிள்ளையின் பிறப்புப் பத்திரம், உங்கள் அடையாள அட்டை, அந்த மனிதர் எப்போதாவது காசு அனுப்பிய பற்றுச்சீட்டு, போனில் வந்த செய்திகள், எது இருந்தாலும் கொண்டு போங்கள். கொப்பி எடுக்க என் கடைக்கு வந்தால் இந்த வேலைக்கு நான் காசு வாங்குவதில்லை.